எட்டு முறை ஜெயித்தவர் சீனியரா, விடாமல் ஏழு முறை ஜெயித்தவர் சீனியரா?

பழைய ஏ செக்‌ஷன் கேட்டது:

வருவாய்த்துறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அதில் ஒன்பது வருஷம் கலெக்டர் ஆபீஸ் ஏ செக்‌ஷனில், பணிமூப்புப் பட்டியல் போடுகிற சீட்டில் இருந்தேன். யார் சீனியர், யார் ஜூனியர் என்று சண்டை போட்டுக்கொண்டு வராத ஆளே கிடையாது. ஒரே தேதியில் சேர்ந்த இரண்டு பேரில், முற்பகலில் கையெழுத்துப் போட்ட தான்தான் பிற்பகலில் வந்தவரைவிட மூத்தவர் என்று ஒருவர் நாலு மாதம் மனு மேல் மனு போட்டார். சர்வீஸ் கமிஷன் தரவரிசைதான் கணக்கு, கடிகாரம் இல்லை என்று பதில் எழுதி எழுதியே எனக்குக் கை வலித்தது.

இப்போது வீட்டிலேயே ஒரு மனு. மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். போன ஞாயிறு மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: மக்களவையின் தற்காலிக சபாநாயகர் (புதிய அவையில் உறுப்பினர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்து, சபாநாயகர் தேர்வாகும் வரை அவையை நடத்துகிறவர்) ஆகிறவர் யார்? ‘குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஓர் உறுப்பினர்’ என்று குறித்திருக்கிறாள். தவறு போட்டுவிட்டார்கள். ‘அவையின் மிக மூத்த உறுப்பினர்’ என்பதுதான் சரியாம். மையத்தின் பெயர் வேண்டாம், அது நமக்கு முக்கியமில்லை.

2024 ஜூனில் நடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். கேரளாவின் மாவேலிக்கரை உறுப்பினர், காங்கிரஸின் கொடிக்குன்னில் சுரேஷ் எட்டாவது முறையாக வந்திருந்தார். ஆனால் நியமிக்கப்பட்டவர் ஏழாவது முறை வந்திருந்த கட்டாக் உறுப்பினர், ஆளும் பாஜகவின் பர்த்ருஹரி மஹ்தாப். கேட்டதற்கு நாடாளுமன்ற விவகார அமைச்சர் கிரண் ரிஜிஜு சொன்ன காரணம், மஹ்தாப் 1998 முதல் இடைவெளியே இல்லாமல் இருக்கிறார், சுரேஷ் 1998இலும் 2004இலும் தோற்றவர் என்பது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஆபீஸில் ராஜினாமா செய்துவிட்டுப் போனவன் மறுபடி தேர்வு எழுதி வந்தால், பழைய சர்வீஸ் அத்தனையும் போச்சு, பட்டியலில் கடைசி ஆள். மகள் என்னை ‘ஆளுங்கட்சி அப்பா’ என்கிறாள். மக்களவையில் மூப்பை எப்படித்தான் கணக்கிடுகிறார்கள்? முறை எண்ணிக்கையா, வருஷமா, விடாத வருஷமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாய்தா பதில்:

முதலில் மகளுக்கு மதிப்பெண் கொடுங்கள் சார், அவர் எழுதியதுதான் சட்டம். அரசியலமைப்பின் பிரிவு 95(1)ஐ எடுத்துப் பாருங்கள். சபாநாயகர் பதவி காலியாக இருந்தால் துணை சபாநாயகர், அவரும் இல்லையென்றால் குடியரசுத் தலைவர் நியமிக்கும் மக்களவை உறுப்பினர். அவ்வளவுதான். மூத்தவர், இளையவர், எட்டு, ஏழு என்று ஒரு சொல்கூடக் கிடையாது. ‘தற்காலிக சபாநாயகர்’ என்ற பெயரே அதில் வராது.

கடிவாளம் பதில்:

வாய்தா சொன்னது சட்டம், நான் வழக்கத்தைச் சொல்கிறேன். டெல்லியில் ஒரு செய்தி நிறுவனத்தில் சில வருஷம் இருந்தேன், இந்தக் கூத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

புதிய அரசு அமைந்ததும் நாடாளுமன்ற விவகார அமைச்சகத்தில் ஒரு பிரிவு மூத்த உறுப்பினர்களின் பட்டியலைத் தயார் செய்யும். உங்கள் ஏ செக்‌ஷன் மாதிரியே. அது அமைச்சருக்கோ பிரதமருக்கோ போகும். அதிலிருந்து தற்காலிக சபாநாயகரையும், உறுதிமொழி ஏற்பு நடத்த உதவியாகச் சிலரையும் தேர்ந்தெடுப்பார்கள். அமைச்சர் போன் போட்டு ‘சம்மதமா?’ என்று கேட்பார். பிறகு கோப்பு குடியரசுத் தலைவருக்கு. அமைச்சகத்தின் கையேட்டில் மூப்பு பற்றி இருக்கிறது. ஆனால் ‘கூடுமானவரை’ என்ற தொனியில்தான். ‘கூடுமானவரை’ என்றால் என்ன அர்த்தம் என்று அரசு ஊழியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ரிஜிஜு சொன்ன ‘விடாமல்’ கணக்கு. பழைய பெயர்களைப் பாருங்கள். 1991, 1996, 1998, 1999 என்று நான்கு முறை தற்காலிக சபாநாயகராக இருந்தவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா. 1960 இடைத்தேர்தலில் உள்ளே வந்தவர், மொத்தம் 11 முறை ஜெயித்தவர். ஆனால் 1977இல் தோற்று அடுத்த தேர்தல் வரை வெளியே இருந்தார். 2004இல் சோம்நாத் சாட்டர்ஜி. அவர் 1984இல் ஜாதவ்பூரில் மம்தா பானர்ஜியிடம் தோற்று, மறு வருஷம் போல்பூர் இடைத்தேர்தலில் திரும்பி வந்தவர். 2014இல் காங்கிரஸின் கமல்நாத், ஒன்பது முறை. 1996 தேர்தலில் அவர் நிற்கவில்லை, 1997 சிந்த்வாரா இடைத்தேர்தலில் சுந்தர்லால் பட்வாவிடம் தோற்றார். இந்த மூன்று பேருக்கும் இடையில் ஓட்டை உண்டு. அதற்காக யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. கமல்நாத்தை நியமித்தது பாஜக அரசு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே 2014இல் இன்னொன்று. அத்வானி 1970லேயே மாநிலங்களவைக்கு வந்துவிட்டார், கமல்நாத் வந்தது 1980இல். நாடாளுமன்றம் என்று பார்த்தால் அத்வானிதான் மூத்தவர். ஆனால் மக்களவைக் கணக்கில் அவருக்கு அது ஏழாவது முறைதான். மேலவை வருஷங்களைக் கீழவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. நம்ம டி.ஆர்.பாலுவுக்கும் 1986 முதல் ஆறு வருஷ மாநிலங்களவை உண்டு, அதுவும் இந்தக் கணக்கில் வராது.

ஆனால் ரிஜிஜு பக்கமும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, அதை மறைப்பது சரியில்லை. 2019இல் எட்டு முறை வந்த மேனகா காந்தி அவையில் இருந்தும், ஏழு முறை விடாமல் வந்த வீரேந்திர குமாரைத்தான் போட்டார்கள். மேனகா 1991இல் பிலிபித்தில் தோற்றவர். இரண்டு பேரும் ஒரே கட்சி என்பதால் பெரிதாக யாரும் சத்தம் போடவில்லை. 2024இல் அந்த வீரேந்திர குமாரும் எட்டாவது முறைக்காரர், ஆனால் அமைச்சர் ஆகிவிட்டார். மிச்சம் இருந்த ஒரே எட்டு, சுரேஷ்.

மறுகரை பதில்:

நான் லண்டனில் இருக்கிறேன். ‘விடாமல்’ என்ற கணக்கு இங்கே எழுதிவைத்த விதி. காமன்ஸ் சபையில் மிக நீண்ட காலம் தொடர்ச்சியாக இருக்கும் உறுப்பினரை ‘அவையின் தந்தை’ என்பார்கள். சபாநாயகர் தேர்தலை அவர்தான் தலைமை தாங்கி நடத்துவார். சர்ச்சில் முதலில் ஜெயித்தது 1900இல். ஆனால் 1922இல் தோற்று 1924இல் திரும்பியதால் அவருக்கு மீட்டர் 1924இலிருந்துதான் ஓடியது. இரண்டு முறை பிரதமராக இருந்து முடித்த பிறகு, 1959இல்தான் அந்தப் பட்டம் கிடைத்தது.

ஏ செக்‌ஷன் சாரின் முற்பகல், பிற்பகல் மனுக்காரருக்கு ஒரு செய்தி. கென் கிளார்க்கும் டென்னிஸ் ஸ்கின்னரும் 1970 ஜூன் தேர்தலில் ஒரே நாளில் ஜெயித்தவர்கள். 2017இல் பட்டம் கிளார்க்குக்குப் போனது. காரணம், 1970இல் அவர் ஸ்கின்னருக்கு முன்னால் உறுதிமொழி எடுத்திருந்தார். வரிசையில் யார் முன்னால் நின்றார் என்பதற்கு நாற்பத்தேழு வருஷம் கழித்துப் பலன்! இப்போதைய தந்தை எட்வர்ட் லீயும் ஜெரமி கார்பினும் 1983இல் சேர்ந்து வந்தவர்கள்தான், அங்கேயும் இதே கதை.

கடிவாளம் பதில்:

மறுகரை, அந்த வரிசைக் கணக்கு இங்கே எடுபடாது. நம் மக்களவையில் பிரதமர், அமைச்சர்கள் முடிந்ததும் மாநிலங்களின் ஆங்கில அகரவரிசையில்தான் கூப்பிடுவார்கள். அதை மூப்பாக எடுத்துக்கொண்டால் ஆந்திராக்காரர்கள் எல்லோரும் சீனியர், நாம் இரண்டாம் நாள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பழைய ஏ செக்‌ஷன் பதில்:

எல்லோருக்கும் நன்றி. முற்பகல் மனுக்காரர் லண்டனில் வேலை பார்த்திருக்க வேண்டிய ஆள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பழைய பழக்கத்தில் ஒரு தாள் எடுத்துக் கோடு போட்டேன். இடதுபக்கம் சுரேஷ், வலதுபக்கம் மஹ்தாப். முறையை விட்டுவிட்டு அவையில் இருந்த காலத்தை மட்டும் கூட்டினேன்.

சுரேஷ்: 1989 அவை பதினைந்து மாதத்தில் கவிழ்ந்தது. 1991 அவை ஏறக்குறைய முழு ஐந்து வருஷம். 1996 அவை ஒன்றரை வருஷம். 1999 முதல் 2004 ஆரம்பம் வரை நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். பிறகு 2009 முதல் விடாமல் பதினைந்து. மொத்தம் சுமார் 27.

மஹ்தாப்: 1998 அவை பதின்மூன்று மாதம். அப்புறம் அதே நாலு சொச்சம். 2004 முதல் இருபது. மொத்தம் சுமார் 25½.

ஆக முறையில் பார்த்தாலும் சுரேஷ்தான், வருஷத்தில் பார்த்தாலும் சுரேஷ்தான். ‘விடாமல்’ என்கிற ஒரு வழியில் மட்டும்தான் மஹ்தாப் முன்னால் வருகிறார். மகளிடம் தாளைக் காட்டினேன். ‘கட்சி மாறிவிட்டீர்களா?’ என்றாள்.

கூட்டும்போது கண்ணில் பட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ‘முறை’ கணக்கே கொஞ்சம் கோணல். 1989, 91, 96, 98, 99 என்று பத்தே வருஷத்தில் ஐந்து தேர்தல். 1989இல் வந்து எல்லாவற்றிலும் ஜெயித்தவர் 1999லேயே ஐந்து முறை உறுப்பினர். 2004இல் வந்தவர் ஒன்றில்கூடத் தோற்காமல் ஐந்தாவது முறையைத் தொட 2024 ஆகிவிட்டது. அரசு கவிழக் கவிழ சர்வீஸ் ஏறுகிறது. எங்கள் துறையில் அப்படி இருந்திருந்தால் நான் டிஆர்ஓவாக (மாவட்ட வருவாய் அலுவலர்) ஓய்வு பெற்றிருப்பேன்.

ராஜினாமா உதாரணத்தையும் வாபஸ் வாங்குகிறேன். தேர்தலில் தோற்றவன் தானாக விட்டுப் போனவன் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது என் தவறு.

ஒரு சந்தேகம் பாக்கி. ‘விடாமல் ஏழு’ என்பது விதி என்றே வைத்துக்கொண்டாலும், அப்படி மஹ்தாப் ஒருவர்தானா?

கடிவாளம் பதில்:

அங்கேதான் விஷயம் இருக்கிறது சார். கர்நாடகத்தின் ரமேஷ் ஜிகஜினகியும் 1998 முதல் விடாமல் ஏழு முறை. முதல் மூன்று சிக்கோடியில், பிறகு பிஜாப்பூரில். அவரும் பாஜகதான். மஹ்தாபோ 2024 மார்ச் வரை பிஜு ஜனதா தளம். காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ் அப்போதே இதைக் கேட்டார். சமமாக இருந்தால் எதைப் பார்ப்பது என்பதற்கு பிரிட்டனில் விதி இருக்கிறது, இங்கே அந்தப் பக்கம் வெற்றுத்தாள். என் அபிப்பிராயம் கேட்டால், முதலில் ஆளை முடிவு செய்துவிட்டுப் பிறகு அளவுகோலைத் தேடினார்கள். இரண்டு நாள் வேலைக்கு இத்தனை அடம் தேவையே இல்லை.

உதவிக்குப் போட்ட ஐந்து பேரில் சுரேஷ், டி.ஆர்.பாலு, சுதீப் பந்தோபாத்யாய மூவரும் அந்த நாற்காலியில் உட்காரப் போகவில்லை. ராதா மோகன் சிங்கும் ஃபக்கன் சிங் குலஸ்தேவும் மட்டும் மஹ்தாபுக்குக் கைகொடுத்தார்கள். ஜூன் 26இல் நிரந்தர சபாநாயகர் பதவிக்கே ஓம் பிர்லாவை எதிர்த்து சுரேஷ் நின்றார், குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. அந்தப் பெரிய நாற்காலிக்கு மூப்பே வேண்டாம் என்பதுதான் வேடிக்கை. பிர்லா அப்போது மூன்றாவது முறை உறுப்பினர். 1967இல் நீலம் சஞ்சீவ ரெட்டி மக்களவைக்கு வந்த முதல் முறையிலேயே சபாநாயகர் ஆனார்.

வாய்தா பதில்:

சார், மாதிரித் தேர்வு மையத்துக்கு எழுதிப் போட்டீர்களா?

பழைய ஏ செக்‌ஷன் பதில்:

போட்டேன். பிரிவு 95(1)ஐ மேற்கோள் காட்டி, ‘பார்வை’, ‘பொருள்’ எல்லாம் போட்டு முறையாக ஒரு மனு. இரண்டு விடைக்கும் மதிப்பெண் தருகிறார்களாம். மகளுக்கு அரை மனதுதான். தப்பாக எழுதியவனுக்கும் எதற்குத் தர வேண்டும் என்று கேட்டு இன்னொரு மனு எழுதித் தரச் சொல்கிறாள்.