கரட்டுச் சுனையும் சுண்ணாம்புக்கல் ஏரியும் ஒன்றுதானா?

நொய்யல்கரை:
எங்கள் தோட்டத்துக்கு மேற்கே, காங்கயம் பக்கம், ஒரு கரடு இருக்குங்க. உச்சிப் பாறையில் நாலு சுனை. ஐப்பசி மழைக்கு நிரம்பி மாசியில் வற்றிவிடும். ஸ்பெயினில் குவெங்கா மலைப்பக்கம் ஏழு குட்டி ஏரிகள், ஒன்றுக்கொன்று நிறமே வேறு, அதில் ஒன்று கோடையில் பாலாக வெளுத்துவிடும் என்று படித்தேன். இரண்டும் ஒரே மாதிரி உண்டானவையா? என்ன உயிர் இருக்கும்?

கரட்டடியான்:
இல்லைங்க, வேற வேற. நம்முடையது கருங்கல், தண்ணீரில் கரையாது. அங்கே சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்துவிடும், அது கல்லைக் கரைத்துக் கரைத்துப் பொந்தாக்கி, ஒருநாள் கூரை இடிந்து வட்டக் குழி விழும். குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் ஏரி. பால் நிறமும் சுண்ணாம்புதான்: வெயிலில் தண்ணீர் சூடானதும் கரைந்திருந்தது பொடியாகப் பிரியும். போர் தண்ணீர் காய்ச்சும் குண்டாவின் அடியைச் சுரண்டிப் பாருங்கள், அதே சமாசாரம்.

ஈரோட்டுத் தங்கச்சி:
அப்போ மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்களே அண்ணா, அங்கே ஏன் ஏரி இல்லை?

கரட்டடியான்:
அது கருங்கல்லுக்கு நடுவே பட்டை பட்டையாக ஓடுவதும்மா. இந்த மாதிரி ஏரிக்கு ஊர் ஊராகப் பரந்த கனமான படுகை வேண்டும்.

உயிர்களைக் கேட்டீர்களே. குரோவேஷியாவின் பிளிட்விட்சேயில் 16 ஏரிகள் படிப்படியாக இறங்குகின்றன. பாசிமேல் சுண்ணாம்பு படிந்து படிந்து தானாகவே அணை வளர்கிறது, அதைக் காக்கத்தான் அங்கே குளிக்கவே விடுவதில்லை. சுற்றுக் காட்டில் கரடி, ஓநாய். அந்நாட்டுக் குகைத் தண்ணீரில் ஓல்ம் என்று கண் தெரியாத, வெளிறிய ஒரு பிராணி உண்டு, இரை இல்லாமல் வருடக்கணக்கில் தாங்கும்.

ஆனால் உங்கள் சுனையும் லேசுப்பட்டதல்ல. மழை நின்று இரண்டு மூன்று வாரம் கழித்து உள்ளங்கையில் தண்ணீர் அள்ளிப் பாருங்கள். விரல்கணு நீளத்தில், கண்ணாடி மாதிரி, மல்லாந்து நீந்தும் இறால் போன்ற ஒன்று இருக்கலாம், கால்கள் வரிசையாக அலையடிக்கும். சுனை வற்றினாலும் அதன் முட்டை காய்ந்த சேற்றிலேயே வருடக்கணக்கில் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். கொசுவுக்கென்று மீன் மட்டும் விட்டுவிடாதீர்கள், எல்லாவற்றையும் தின்றுவிடும்.

நொய்யல்கரை:
மீன் விடவில்லைங்க. ஆனால் பங்குனியில் பசங்களோடு போய் அந்தச் சேற்றையெல்லாம் வழித்து வெளியே கொட்டிவிடுவோம், சுனை சுத்தமாகட்டுமே என்று. இந்த வருடம் நாலையும் தொடவில்லை.