உயிர்த்தெழுதலில் சந்தேகம்: நாலு சுவிசேஷமும் ஒத்துப்போகவில்லையே, எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

மணல்மேடு கேட்டது:

ஸ்தோத்திரம். விசுவாசப் பிரமாணத்தில் 'மூன்றாம் நாள் மரித்தோரிடத்திலிருந்து எழுந்தருளினார்' என்ற வரிக்கு வரும்போது மனம் நின்றுவிடுகிறது. கேள்விகள் மூன்று.

கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அங்கே இருந்த தூதர் ஒருவரா இருவரா, சீஷர்கள் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டது கலிலேயாவிலா எருசலேமிலா? நாலு சுவிசேஷமும் நாலு விதமாகச் சொல்கின்றன. இரண்டாவது, மாற்கு 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு முடிந்துவிட்டது, மீதி பிறகு சேர்த்தது என்கிறார்கள். அப்படியானால் மற்றதை எப்படி நம்புவது? மூன்றாவது, இப்படிக் கேட்பதே அவிசுவாசமா?

'ஜெபம் பண்ணுங்கள், போய்விடும்', 'தோமாவைப்போல் இருக்காதீர்கள்' (கண்டு தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்ற சீஷன்) என்ற பதில்கள் ஏற்கெனவே கிடைத்துவிட்டன. முறையாக உட்கார்ந்து பார்க்க நினைக்கிறவர் எதை முதலில் எடுக்க வேண்டும்?

ஓலைச்சுவடி எழுதியது:

சகோ., பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது ஆரம்பிக்கும் இடத்தில்தான். சுவிசேஷங்களை ஓரமாக வைத்துவிட்டு, கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கடிதமான 1 கொரிந்தியரின் 15-ஆம் அதிகாரத்தை எடுங்கள். உயிர்த்தெழுதலைப் பற்றி நம் கையில் இருக்கும் மிகப் பழைய சாட்சியப் பட்டியல் அதன் 3 முதல் 8 வரை உள்ள வசனங்கள்.

அதன் காலத்தை ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை. பவுல் கொரிந்துவில் இருந்தபோது ரோம அதிபதி கல்லியோன் முன்பாக நிறுத்தப்பட்டார் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. கிரேக்க நாட்டின் டெல்பியில் கிடைத்த கல்வெட்டு கல்லியோனின் பதவிக்காலத்தைக் கி.பி. 51, 52 வாக்கில் வைக்கிறது. ஆக, 'நான் உங்களுக்கு ஒப்புவித்தேன்' என்று பவுல் சொல்லும் அந்தப் போதனை கொரிந்தியரின் காதில் விழுந்தது சிலுவைக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. கடிதம் எழுதப்பட்டது 53-55 வாக்கில்.

ஆனால் அது பவுலின் சொந்தச் சரக்கு அல்ல. 'நான் அடைந்ததும்' என்று முதலில் சொல்லிவிட்டே 'ஒப்புவித்தேன்' என்கிறார். ஒரு குரு தான் பெற்றதைச் சீடனிடம் மாறாமல் கையளிக்கும்போது யூதர்கள் புழங்கிய சொல் ஜோடி அது. பேதுருவை 'கேபா' என்று அரமேய மொழிப் பெயரால் குறிப்பதும், தம் கடிதங்களில் வேறெங்கும் சொல்லாத 'பன்னிருவர்' இங்கே வருவதும் அதே திசையைக் காட்டுகின்றன. எங்கே கிடைத்திருக்கும்? கலாத்தியர் 1:18, 19 பாருங்கள். மனம் திரும்பி மூன்று வருஷத்துக்குப் பின் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கினார், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் கண்டார். பட்டியலில் பேர் சொல்லிக் குறிப்பிடப்படும் இரண்டு பேரும் அந்த இருவர்தான். உயிர்த்தெழுதலை ஏற்காத ஜெர்மன் அறிஞர் கெர்ட் லூடமன்கூட இந்தப் பட்டியலின் உள்ளடக்கம் சிலுவைக்குப் பிந்தைய முதல் இரண்டொரு ஆண்டுகளுக்கு உரியது என்றே எழுதினார்.

இங்கே அளவோடு நிற்க வேண்டும். சீஷர்கள் ஆரம்பத்திலிருந்தே இதை நம்பினார்கள், கண்டதாகச் சொன்னார்கள் என்பதுவரைதான் இது நிரூபிக்கிறது. 'நூறு வருஷம் கழித்து வளர்ந்த கட்டுக்கதை' என்ற விளக்கம் இதோடு விழுந்துவிடும். 'அவர்கள் கண்டது மனப்பிரமை' என்ற விளக்கம் இதனால் மட்டும் விழாது. அதை எடைபோடும்போது யாக்கோபைக் கவனியுங்கள். யோவான் 7:5-ன்படி இயேசுவின் சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை. அவர்மேல் ஏற்கெனவே பற்று வைத்து, ஏங்கித் தவித்து, அதனாலேயே கண்டவர் என்று யாக்கோபைச் சொல்வது கடினம். பவுல் அதற்கும் மேலே போய்ச் சபையைத் துன்பப்படுத்திக்கொண்டிருந்தவர்.

நாலுபத்தி எழுதியது:

ஓலைச்சுவடி சொன்னதை முடித்த பிறகு சுவிசேஷங்களுக்கு வாருங்கள். மத்தேயு 28, மாற்கு 16:1-8, லூக்கா 24, யோவான் 20, 21. எல்லாம் சேர்ந்து 137 வசனங்கள்தான். ஒரு பெரிய தாளை அகலவாட்டில் வைத்து நாலு பத்தி பிரியுங்கள். குறுக்கே எழுத வேண்டியவை: எப்போது, யார் போனார்கள், கல் எப்படி இருந்தது, யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், பெண்கள் என்ன செய்தார்கள், அவர் எங்கே தரிசனமானார்.

எழுதும்போது ஒன்றோடொன்றை ஒட்டவைக்காதீர்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான். முதல் தடவையிலேயே நாலையும் சேர்த்து ஒரே கதையாக்கப் போனால் எது யாருடைய வாக்குமூலம் என்பதே தெரியாமல் போய்விடும். அவரவர் சொன்னதை அவரவர் பத்தியில் விடுங்கள். பிறகு நாலிலும் இருப்பதற்கு ஒரு நிறம், ஒன்றில் மட்டும் இருப்பதற்கு இன்னொரு நிறம்.

நாலிலும் நிறம் விழும் இடங்கள்: வாரத்தின் முதல் நாள், அதிகாலை, மகதலேனா மரியாள், அகற்றப்பட்ட கல், உள்ளே சரீரம் இல்லை. பெண்களின் பெயர்ப்பட்டியல் மாறுகிறது, உண்மை. ஆனால் யோவான் மரியாளை மட்டும் காட்டிவிட்டு, 20:2-ல் அவள் வாயில் 'எங்களுக்குத் தெரியவில்லை' என்று வைக்கிறார். அதே மரியாள் 13-ஆம் வசனத்தில் தனியாக நின்று அழும்போது 'எனக்குத் தெரியவில்லை' என்கிறாள். கிரேக்கத்திலும் இந்தப் பன்மை ஒருமை வேறுபாடு உண்டு. கூட வேறு பெண்கள் இருந்தது யோவானுக்குத் தெரியும், அவர் ஒருத்தியின் பின்னால் போகிறார், அவ்வளவுதான்.

கலிலேயாவா எருசலேமா என்பதுதான் உண்மையிலேயே கனமான கேள்வி, தூதர் எண்ணிக்கை அல்ல. லூக்கா 24-ஐ மட்டும் வாசித்தால் எல்லாம் ஒரே நாளில் எருசலேமைச் சுற்றி முடிந்து அவர் பரமேறிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் அதே லூக்கா அப்போஸ்தலர் 1:3-ல் 40 நாள் தரிசனமானார் என்கிறார். ஆகையால் 24-ஆம் அதிகாரத்தில் காலத்தைச் சுருக்கி எழுதியிருக்கிறார் என்பதற்கு அவருடைய இரண்டாம் புத்தகமே ஆதாரம். அந்த 40 நாளுக்குள் கலிலேயாவுக்கு இடம் இருக்கிறது. இதனால் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடாது. அவிழாததைத் தாளில் கேள்விக்குறியோடு விட்டுவைப்பதே நேர்மை.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று. பெண்களின் சாட்சியை ஏற்கக்கூடாது என்று அதே நூற்றாண்டில் யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். லூக்கா 24:11-ல் அப்போஸ்தலருக்கே அவர்கள் பேச்சு வீண்பேச்சாகத் தோன்றியது. கதை கட்டுகிறவர்கள் முதல் சாட்சியாகப் பேதுருவை நிறுத்தியிருப்பார்கள்.

மாற்கு 16: கோடெக்ஸ் வத்திக்கானுஸ், கோடெக்ஸ் சினைத்திக்குஸ் என்ற நாலாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் 8-ஆம் வசனத்தோடு நிற்கிறது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. 'அவர் உயிர்த்தெழுந்தார், அவர் இங்கேயில்லை' என்பது 6-ஆம் வசனத்திலேயே இருக்கிறது. விசுவாசம் 9-க்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

மணல்மேடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. யோவான் 20-ல் எங்களுக்கு, எனக்கு என்ற வேறுபாடு இத்தனை காலம் கண்ணில் படவே இல்லை. இன்னொன்று கேட்கட்டுமா? 'பொய்க்காக யாராவது உயிரைக் கொடுப்பார்களா, பன்னிரண்டு அப்போஸ்தலரும் இரத்தசாட்சியாக மரித்தார்களே' என்று பிரசங்கங்களில் சொல்கிறார்கள். இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உரைகல் எழுதியது:

அப்படியே சொல்லக்கூடாது. வேதத்துக்குள் மரணம் பதிவானது செபெதேயுவின் குமாரன் யாக்கோபுக்கு மட்டும், அப்போஸ்தலர் 12:2. பேதுருவும் பவுலும் பாடுபட்டு மரித்ததை முதலாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ரோமிலிருந்து கொரிந்துவுக்குப் போன கிளெமெந்தின் கடிதம் குறிப்பிடுகிறது. கர்த்தருடைய சகோதரன் யாக்கோபு சுமார் 62-ல் கல்லெறியப்பட்டதை யோசேபஸ் எழுதுகிறார். மற்றவர்களைப் பற்றியவை பெரும்பாலும் பிந்திய மரபுகள். சென்னைப் பரங்கிமலையோடு நாம் சேர்த்துச் சொல்லும் தோமாவின் இரத்தசாட்சி மரபு நமக்கு அருமையானதுதான். ஆனால் அவர் இந்தியாவில் ஈட்டியால் குத்தப்பட்டதைச் சொல்லும் 'தோமாவின் நடபடிகள்' மூன்றாம் நூற்றாண்டு நூல். பரங்கிமலை அதில் இல்லை.

எனவே வாதத்தைச் சின்னதாக்குங்கள், பலம் கூடும்: கண்டதாகச் சொன்னவர்களில் சிலர் அதற்காகப் பாடுபட்டார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. பாடுபட்டவர் உண்மையாக நம்பினார் என்பதை அது காட்டும். நம்பியது நடந்ததா என்பது வேறு கேள்வி.

இயேசுவின் சரீரத்தைச் சுற்றியதாகச் சிலர் சொல்லும் துரின் சவத்துணியையும் அஸ்திவாரமாக வைக்காதீர்கள். 1988-ல் செய்த கார்பன் சோதனை 1260-1390 என்ற காலத்தைக் கொடுத்தது, அதன்மேல் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆட்டம் காணும் ஆதாரத்தின்மேல் ஒருவருடைய விசுவாசத்தைக் கட்டிவிட்டால், அது சரியும் நாளில் பவுலின் பட்டியலும் சேர்ந்து சரிந்ததாக அவர் நினைத்துக்கொள்வார். வாலிபர் பலர் விலகுவது இப்படித்தான்.

மாறாக, 1968-ல் எருசலேமில் கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில் ஆணி கோத்த குதிகால் எலும்பு ஒன்று எலும்புப்பெட்டியில் கிடைத்தது. சிலுவையில் அறையப்பட்டவருக்கும் முறையான கல்லறை கிடைத்தது உண்டு என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று. அதற்குமேல் அதைக் கொண்டு எதையும் சொல்லாதீர்கள்.

எட்டாம்நாள் எழுதியது:

மூன்றாம் கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை.

மத்தேயு 28:17-ஐ வாசியுங்கள். உயிர்த்தெழுந்தவர் எதிரே நிற்கிறார், பணிந்துகொள்கிறார்கள், 'சிலரோ சந்தேகப்பட்டார்கள்'. அவர்களை அவர் பிரித்து அனுப்பிவிடவில்லை. 'நீங்கள் புறப்பட்டுப்போய்' என்ற கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

தோமாவிடம் கவனிக்க வேண்டியது யோவான் 20:26. எட்டு நாள் கழித்து அவன் மற்றவர்களோடு உள்ளே இருந்தான். நம்பாமலே, நம்பினவர்களின் நடுவில். சபை அவனை வெளியே தள்ளவில்லை, அவனும் போகவில்லை. அவன் தொட்டான் என்று வசனம் சொல்லவும் இல்லை. அழைப்பு வந்தது, 'என் ஆண்டவரே! என் தேவனே!' என்றான். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியைத்தான் பல சபைகளின் வாசகப் பட்டியல் வருஷந்தோறும் வைக்கிறது.

சரித்திரம் உங்களைக் கல்லறை வாசல்வரை கொண்டுவந்து விடும். உயிரோடிருக்கிற ஒருவரை நம்புவது அதற்கு அடுத்த அடி. அதை ஆதாரத் தாள் எடுத்துவைக்காது. ஆகவே படிக்கும் நாளெல்லாம் மாற்கு 9:24-ஐ ஜெபமாக வையுங்கள்: 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.' நம்புவதாக நடிக்கத் தேவையில்லாத ஜெபம் அது. திருவிருந்தை விடாதீர்கள். ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரை 50 நாள் உண்டு. வாரம் ஒரு தரிசனப் பகுதி என்று வைத்தாலே ஏழு பகுதி முடியும், அவசரம் வேண்டாம்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். புத்தகத்திலிருந்து வந்ததற்கு மேலே சொன்ன வழி போதும். ஒரு மரணத்துக்குப் பின் வந்திருந்தால் பத்தி பிரித்த தாள் இப்போதைக்கு வேண்டாம். யோவான் 11-ஐ மெதுவாக வாசியுங்கள். லாசருவை எழுப்பப் போகிறவர், அதைத் தெரிந்திருந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அப்படிப்பட்டவர் யாராவது உங்கள் சபையில் இருந்தால் கல்லியோன் கல்வெட்டை எடுக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.