61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்: தேவையா, சுமையா?

நிலக்காட்சி:
61 மெகாபிக்சல் கேமரா என்று பேச்செடுத்தாலே "அதெல்லாம் விளம்பர எண், 24 போதும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. சோனி ஏ7ஆர் 5 என்ற 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்ட) கேமராவை வைத்து மலையும் காடும் எடுப்பவன் நான். என் தரப்பைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இதன் படம் 9504 x 6336 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் கிட்டத்தட்ட 32 அங்குல அகலம் வரும். அதே கணக்கில் 24 மெகாபிக்சல் 20 அங்குலத்தோடு நின்றுவிடும். நிலக்காட்சிப் படத்தை மக்கள் தள்ளி நின்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதில்லை. கிட்டே வருவார்கள், தூரத்து மலைச்சரிவில் என்ன இருக்கிறது என்று தேடுவார்கள். அந்த இடத்தில் இலைகள் பச்சைக் குழம்பாகத் தெரிந்தால் படம் செத்துவிடும்.

அப்புறம் கிராப், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுப்பது. ஏபிஎஸ்-சி என்ற சிறிய வகைச் சென்சாரின் அளவுக்கு வெட்டினாலும் 26 மெகாபிக்சல் மிஞ்சுகிறது. ஒரே கேமராவில் இரண்டு கேமரா இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

மண்டபவெளிச்சம்:
நண்பரே, 24-லிருந்து 61 என்றால் இரண்டரை மடங்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அகலவாக்கில் எண்ணிப் பாருங்கள்: 6000 பிக்சல் 9504 ஆகிறது. 1.6 மடங்குகூட முழுதாக இல்லை. நுணுக்கம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் மெகாபிக்சல் நான்கு மடங்காக வேண்டும். இந்தக் கணக்கைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

நான் எடுப்பது திருமணங்கள். சுருக்காத ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஒன்று 120 எம்பி-யைத் தாண்டுகிறது. ஆயிரம் படம் என்றால் 120 ஜிபி, அதற்கு ஒரு பிரதி, பிரதிக்கு இன்னொரு பிரதி. கார்டிலிருந்து இறக்கவே நேரம் போகிறது. லைட்ரூம் மென்பொருளில் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிக் கண் கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் கணினி மூச்சு வாங்குகிறது. கடைசியில் படம் போய்ச் சேரும் இடம் போன் திரை. 4கே டிவியில் போட்டாலும் அது 8.3 மெகாபிக்சல்தான். மீதி 50-ஐ நான் யாருக்காகச் சுமக்கிறேன்?

இருட்டான மண்டபத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) 6400-ல் வரும் நாய்ஸைப் பற்றி, அதாவது படத்தில் தெறிக்கும் புள்ளிகளைப் பற்றி, இன்னும் பேசவே இல்லை.

நிலக்காட்சி:
நாய்ஸ் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். 61 மெகாபிக்சல் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 24-ஐயும் அதேபோல் 100 சதவீதத்தில் பார்த்து ஒப்பிடுவது சரியில்லை. முதலாவதை நீங்கள் அதிகமாக உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறீர்கள். இரண்டையும் ஒரே அளவில் அச்சிடுங்கள், அல்லது 61-ஐ 24-ஆகச் சுருக்கிவிட்டுப் பாருங்கள். சென்சாரின் பரப்பளவு ஒன்றுதான், விழுந்த ஒளியும் ஒன்றுதான். மிக உயர்ந்த ஐஎஸ்ஓ-வில், அடர்ந்த நிழலில் சிறு வித்தியாசம் இருக்கலாம். நீங்கள் சொல்லும் 6400-ல் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஃபைல் அளவுக்கும் வழி உண்டு. ஏ7ஆர் 5-ல் தரம் குறையாமல் சுருக்கும் ரா இருக்கிறது. அதிலேயே 26, 15 மெகாபிக்சல் என்று சிறிய அளவுகளும் இருக்கின்றன. கூட்டப் படத்துக்கு 61, மற்றதுக்கு 26 என்று மாற்றிக்கொள்ளலாமே?

மண்டபவெளிச்சம்:
மாற்றிக்கொள்ளலாம்தான், நிகழ்ச்சி நமக்காகக் காத்திருந்தால். 26-லேயே எடுக்கப் போகிறேன் என்றால் 61-ஐ வாங்குவானேன்? அதை முதலில் சொல்லுங்கள்.

பறவைநோக்கி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கிராப் செய்யும் வசதி பறவை எடுப்பவர்களுக்கு வரம், அதில் நிலக்காட்சி அண்ணா சொல்வது முழு உண்மை. 400 எம்எம் லென்ஸை வைத்துக்கொண்டு 600 எடுக்க வேண்டிய இடத்தில் நிற்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் இந்தக் கேமராவின் பெரிய பலவீனத்தை நீங்கள் இருவரும் தொடவே இல்லை. சென்சாரைப் படித்து முடிக்கும் வேகம்தான் அது.

திரை எதுவும் அசையாமல் சென்சாரே படம் பிடிக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரில் மேலிருந்து கீழ்வரை வரிவரியாகப் படித்து முடிக்க ஏறத்தாழ ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் பறவை ஒருமுறை சிறகடித்துவிடும். சிறகு ரப்பர்போல வளைந்து விழும், பக்கவாட்டில் பறந்தால் உடலே சாய்ந்து போகும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் இந்தக் கோளாறு இல்லை, ஆனால் வினாடிக்கு 10 படம்தான். அந்த 10-ம் சுருக்கிய ரா-வில்தான், சுருக்காத ரா என்றால் வேகம் இறங்கிவிடும். போதாததற்குச் சத்தம் வேறு. கூச்சமுள்ள பறவை முதல் சத்தத்திலேயே போய்விடும்.

வீடியோவிலும் இதே கதை. 8கே எடுத்தால் ஓரம் வெட்டப்படுகிறது, சுமார் 1.2 மடங்கு கிராப்.

உயர் ரெசல்யூஷன் என்றாலே மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. 2021-ல் வந்த சோனி ஏ1 50 மெகாபிக்சல், வினாடிக்கு 30 படம். அதே ஆண்டு நிகான் இசட்9 45.7 மெகாபிக்சல். அதில் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. அவற்றின் அடுக்குச் சென்சார் (பிக்சலுக்கு அடியிலேயே வேகமான மின்சுற்றை அடுக்கிய வகை) அவ்வளவு வேகமாகப் படிக்கிறது. 61-க்கும் 50-க்கும் அகலவாக்கில் பத்து சதவீதம்தான் வித்தியாசம். அந்தப் பத்து சதவீதத்துக்காக இவ்வளவு வேகத்தை விட நான் தயாரில்லை.

அச்சுமை:
இந்தச் சண்டை புதிதில்லை. நிகான் 12 மெகாபிக்சல் டி700-க்கு அடுத்து 2012-ல் 36 மெகாபிக்சல் டி800-ஐக் கொண்டுவந்தபோது கணினி தாங்காது, கை நடுக்கம் காட்டிக்கொடுக்கும் என்றுதான் பேச்சு. 2015-ல் கேனான் 5டிஎஸ் 50 மெகாபிக்சலோடு வந்தது. அதற்கு ஐஎஸ்ஓ-வே 6400 வரைதான், விரிவாக்கினால் 12800. அந்தக் கேமராவைப் பற்றி மண்டபவெளிச்சம் நாய்ஸ் புகார் சொல்லியிருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். 2017-ல் டி850 வந்ததும் அந்த வாதம் பாதி போய்விட்டது: 45.7 மெகாபிக்சல், அடிப்படை ஐஎஸ்ஓ 64, வினாடிக்கு 7 படம். படத்தின் நிழலான பகுதிகளை எவ்வளவு வெளிச்சமாக்கினாலும் தாங்கியது.

என் வேலை ஓவியங்களைப் பிரதியெடுப்பது. தூரிகைத் தடமும் கித்தானின் இழையும் தெரியவில்லை என்றால் அந்தப் பிரதியால் பயனில்லை. இங்கே 61-ம் எனக்குப் போதவில்லை. சென்சாரை இம்மி இம்மியாக நகர்த்தி 16 படம் எடுத்து, கணினியில் சேர்த்து 240 மெகாபிக்சல் ஆக்குகிறேன். அசையாத பொருளுக்கு, உறுதியான ஸ்டாண்டில்தான் இது சரிவரும். ஆனால் சரிவரும்போது கிடைக்கும் நிறத் துல்லியத்தை வேறு எந்த வழியிலும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நேராக அளக்கப்படுகின்றன, வழக்கமான படத்தில்போல ஊகித்து நிரப்பும் வேலை இல்லை.

மண்டபவெளிச்சம்:
அச்சுமை சார், உங்கள் ஓவியம் அசையாது. என் மணப்பெண் சிரிப்பார், திரும்புவார், யாரையாவது கட்டிப்பிடிப்பார். கேமராவின் 8 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) நிலைநிறுத்தம் என் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், அவர் அசைவதைத் தடுக்காது. 24-ல் ஷட்டரை 1/125 வினாடி வைத்தால் நன்றாகத் தெரிந்த முகம், 61-ஐப் பெரிதாக்கினால் லேசாக இழுத்த மாதிரி தெரிகிறது. ஷட்டரை 1/250-க்கு ஏற்றினால் ஒளி பாதியாகிறது, ஐஎஸ்ஓ இரட்டிப்பாகிறது. "நாய்ஸ் ஒன்றுதான்" என்ற கணக்கு அந்த நிமிடமே உடைகிறது.

துணி இன்னொரு தலைவலி. மிக நுண்ணிய கோடுகளைச் சற்று மழுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் இதில் கிடையாது. நெருக்கமாக நெய்த கோட்டில் மொய்ரே வந்து வானவில் கோடு ஓடினால், அதைத் துடைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

நிலக்காட்சி:
மொய்ரே எல்லா கேமராவிலும் தலைகாட்டும். பிக்சல் நெருக்கமாக ஆக ஆகக் குறையத்தான் செய்யும். முகம் இழுத்தது பற்றி: அந்த 61-ஐ 24-ஆகச் சுருக்கினால் இழுப்பு உங்கள் பழைய கேமராவில் இருந்த அளவுக்குத்தான் தெரியும். 1/250 வைக்கச் சொல்வது பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம்தான்.

புதுவரவு:
எனக்கு ஒரு சந்தேகம். சாதாரண லென்ஸ் போட்டால் 61 மெகாபிக்சல் வீண் என்கிறார்கள். லென்ஸின் துளையான அபெர்ச்சரை எஃப்/8-ஐத் தாண்டிச் சுருக்கினால், சிறு துளையில் ஒளி பரவி மங்கும் டிஃப்ராக்‌ஷன் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்கிறார்கள். நிலக்காட்சியில் கிட்டேயும் தூரத்திலும் கூர்மையாக வர எஃப்/11 வேண்டாமா?

அச்சுமை:
இரண்டுமே பாதி உண்மை, தம்பி. லென்ஸின் கூர்மையும் சென்சாரின் கூர்மையும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டுத்தான் படத்தில் வருகின்றன. ஒன்று மற்றதைத் தடுக்கும் சுவர் கிடையாது. அதனால் சுமாரான லென்ஸிலும் 61 சற்றுக் கூடுதலாகவே கொடுக்கும். நல்ல லென்ஸ் அளவுக்குக் கொடுக்காது, அவ்வளவுதான். படத்தின் ஓரங்களில்தான் வித்தியாசம் வெளிச்சமாகத் தெரியும்.

டிஃப்ராக்‌ஷனும் அப்படியே. இந்தச் சென்சாரின் பிக்சல் 3.76 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பச்சை ஒளியில் எஃப்/8-ல் ஒரு புள்ளி சுமார் 11 மைக்ரான் அகலத்துக்குப் பரவும், எஃப்/11-ல் 15. கூர்மை மெல்ல மழுங்கத் தொடங்கும், உண்மைதான். ஆனால் அதே எஃப்/11-ல் 24 மெகாபிக்சலைவிட மோசமாக ஒருபோதும் ஆகாது. எஃப்/16-க்குப் போனால் கூடுதல் மெகாபிக்சலின் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். முன்புறமும் தூரமும் சேர்ந்து கூர்மையாக வேண்டுமென்றால் எஃப்/8-ல் வைத்து, ஃபோகஸை நகர்த்தி இரண்டு மூன்று படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபவெளிச்சம்:
பாருங்கள், முக்காலி, ஃபோகஸ் அடுக்கு, பிக்சல் நகர்த்தல். நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் நேரம் கேட்கிறது. நேரம் உள்ளவர்களுக்கு ஏ7ஆர் 5 அருமையான கேமரா, அதை நான் எங்கும் மறுக்கவில்லை. புதுவரவு மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் எடுப்பவர் என்றால் 33 மெகாபிக்சல் ஏ7 4 போதும். மிச்சப் பணத்தில் அதிக ஒளி வாங்கும் ஒரு எஃப்/1.8 லென்ஸ் வாங்கட்டும்.

நிலக்காட்சி:
அவர் நிலக்காட்சி என்றல்லவா கேட்டார்? முக்காலியை முதலில் வாங்குங்கள் தம்பி, கேமரா அடுத்த மாதம் வரட்டும்.