வட ஆற்காட்டில் நக்சல் இயக்கம் ஒடுங்கியது: மற்ற நாடுகளுக்குப் பாடமா?

ஏலகிரி வாசகன்:
1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் குண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் காவலர்களும் இறந்தார்கள், அப்புறம் போலீஸ் அதிகாரி தேவாரம் தலைமையில் நடந்த போலீஸ் வேட்டையில் இயக்கம் ஒடுங்கியது. வளரும் நாடுகள் இதே வழியில் போகலாமா?

ஜோலார்பேட்டைக்காரன்:
என்கவுன்டர் சாவுகளை ஒதுக்கிவிட்டு இதைப் பாராட்ட எனக்கு மனசு வரவில்லை. பையன்களை அந்தப் பக்கம் தள்ளியதே கந்துவட்டியும் கூலிக் கொடுமையும்தானே!

வேலூர் வாசகி:
தனிநாடு கேட்டுக் கிளர்ச்சி நடந்த மிசோரமைப் பாருங்கள். 1966இல் ஐஸ்வால் மேல் விமானப்படை குண்டு போட்டது, 1967 முதல் மலைக் கிராமங்களைக் காலி செய்து சனங்களைச் சாலையோரக் குடியிருப்புகளில் அடைத்தார்கள், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் ஜூம் வயலை விட்டுவிட்டு ரேஷனுக்குக் கையேந்தி நின்றவர்களுக்கு அரசு மேல் எப்படி நம்பிக்கை வரும்? 1986இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அமைதி வந்தது, கிளர்ச்சித் தலைவர் லால்டெங்காவே முதல்வர் ஆனார்.

ஆம்பூர் தம்பி:
சரி அக்கா, ஆனால் எல்லாரும் பேச வரமாட்டார்கள். பெரு நாட்டில் 1992இல் மாவோயிஸ்ட் கிளர்ச்சித் தலைவர் குஸ்மானைப் பிடித்தது ராணுவம் இல்லை, ஒரு சின்ன உளவுப் போலீஸ் குழு. லிமாவில் ஒரு வீட்டுக் குப்பையைக் கிளறி, அவருக்கு இருந்த தோல் வியாதிக்கான மருந்து டியூப்களை வைத்து ஆள் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ராணுவம் ஊர் ஊராகச் சுட்டதில் செத்தது பெரும்பாலும் மலைவாழ் விவசாயிகள்தான்.