எது சேவல், எது வெடை (இளம் பெட்டை)? கொண்டையை வைத்துச் சொல்ல முடியவில்லை

நாகலூர்க்காரி:

ஏற்காட்டில் நாகலூர் பக்கம், காபித் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்று விறகு அடுக்குக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் அடை உட்கார்ந்து, குஞ்சுகளோடு வெளியே வந்தது. வைரியும் கீரியும் கொண்டுபோனது போக ஒன்பது மிச்சம். இப்போது பத்து வாரம் இருக்கும்.

தகப்பன் யார் என்பதில்தான் குழப்பம். வீட்டில் ஒரு சேவல் உண்டு. பக்கத்து வீட்டு அசில் சேவலும், சண்டைக்கோழி இனம் அது, வேலி தாண்டி வந்து போகும். குஞ்சுகளில் பாதிக்கு நீளக்கால், கொண்டை தலையோடு ஒட்டிக் கிடக்கிறது. அதனால் கொண்டை பெருத்துச் சிவந்தால் சேவல் என்கிற கணக்கு இங்கே எடுபடவில்லை.

கொண்டலாம்பட்டியில் இருக்கும் என் நாத்தனார் முட்டைக்காக நாலு வெடை கேட்டிருக்கிறார். வரிசை வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. ஒரு சேவல் கலந்து போனாலும் விடியற்காலையில் எனக்குத்தான் போன் வரும். சண்டை போடுவதெல்லாம் சேவல் என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் துண்டைச் சுருட்டிக் குஞ்சுகளுக்கு மேலே வீசுகிறார்: நிமிர்ந்து நிற்பது சேவலாம், பதுங்குவது பெட்டையாம். வீசும்போதெல்லாம் வேறு வேறு குஞ்சு பதுங்குகிறது. சாம்பல் புள்ளி போட்டது ஒன்று இருக்கிறது, பரம சாது, கையில் வந்து தின்னும். அது பெட்டை என்பதில் மட்டும் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. குணத்தைப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல வழி உண்டா?

சந்தைக்குப் போறவன்:

சனிக்கிழமை கொங்கணாபுரம் சந்தைக்குக் கொண்டு போங்க. சேவல் வாங்க வருகிறவர்கள் காலைப் பிடித்துப் பார்த்தே சொல்லிடுவாங்க. சேவலுக்குக் கால் தடி, எலும்பு கனம். ஆனா உடனே விலையும் கேட்பாங்க, விற்காமல் வீடு திரும்புவது கஷ்டம்.

வீராணத்து அக்கா:

சண்டையை விட்டுடு கண்ணு. மூணு, நாலு வாரத்திலிருந்தே குஞ்சுகள் எல்லாம் நெஞ்சோடு நெஞ்சு முட்டிப் பார்க்கும். யார் மேலே, யார் கீழே என்று தீர்த்துக்கொள்கிற வேலை அது. சேவல் குஞ்சு அதை அடிக்கடி செய்யும், சுலபத்தில் பின்வாங்காது, அவ்வளவுதான். அசில் ரத்தம் கலந்துவிட்டால் அந்த வித்தியாசமும் போச்சு. அசில் வெடை கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் யாரும் சேவல் என்றுதான் சொல்வார்கள். துண்டு வீசினால் எது பயந்தாங்கொள்ளி என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மாமியாரிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

நான் நம்புவது தீனி போடும் நேரத்தை. அள்ளிக் கொட்டினால் எல்லாமே குனிந்து தின்னும், குணம் வெளியே வராது. கொஞ்சம் கரையான் எடுத்து, ஒரே இடத்தில் ஒன்றிரண்டு மட்டும் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார். வெடை கவ்விக்கொண்டு ஓடும், மற்றதெல்லாம் பின்னால் துரத்தும். சேவலும் சின்னதில் அப்படித்தான் ஓடும். வயசு வர வர ஒரு கட்டத்தில் ஓடாமல் நிற்கும். கொத்தி எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், தொண்டைக்குள் 'டுக் டுக் டுக்' என்று அவசரமாகக் கூப்பிடும். பெட்டை வந்து அதைத் தின்றால் சும்மா விட்டுவிடும். தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிடுவதும் இப்படித்தான். ஆனால் குஞ்சே இல்லாத இளசு ஒன்று இதைச் செய்தால் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை, சேவல் பக்கம் ஒதுக்கிவிடுவேன். மூணு மாசத்தை ஒட்டி ஆரம்பிக்கும், முந்திரிக்கொட்டைகள் அதற்கு முன்பே. சில திருட்டுப் பயல்கள் தீனியே இல்லாமல் வெறும் குச்சியைக் கொத்திக் காட்டியும் கூப்பிடும்! அதோடு, ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசுகிற மாதிரி தாழ்த்தி இன்னொரு கோழியைச் சுற்றி அரைவட்டம் போட்டால் கேட்கவே வேண்டாம்.

உன் நாத்தனார் விஷயத்தில் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் வேறு. கூவவில்லை, அதனால் வெடை என்று முடிவு கட்டிவிடாதே. முதல் கூவல் துருப்பிடித்த கைப்பம்பு மாதிரி இருக்கும். இரண்டு மாசத்திலும் வரும், நாலு அஞ்சு மாசம் ஆனாலும் வராது. சேவல்களுக்குள் யார் மேலே, யார் கீழே என்கிற வரிசை இருக்கிறது. மேலே இருப்பது முதலில் கூவும், அடுத்தடுத்தது அதன் பின்னால். ஜப்பானில் 2015-ல் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. முதல் சேவலை எடுத்துவிட்டால் இரண்டாவது முதலில் கூவ ஆரம்பித்ததாம். உன் வீட்டில் ஒரு பெரிய சேவல், வேலி தாண்டி வரும் அசில் வேறு. இவர்களுக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டிருக்கும் பொடிசு, கொண்டலாம்பட்டி போய் அங்கே தன்னைத் தட்டிக் கேட்க ஆளில்லை என்று தெரிந்ததும் கூவத் தொடங்கிவிடும். அதனால் சந்தேகமான குஞ்சுகளைப் பெரிய சேவல்களின் கண்ணில் படாத இடத்தில், ஒன்றிரண்டு வெடைகளோடு கொஞ்ச நாள் அடைத்து வைத்துப் பார்.

கடைசியில் முதுகைப் பார்த்து உறுதி செய்துகொள். பன்னிரண்டு, பதினாலு வாரம் வாக்கில், வாலுக்கு முன்னால் இடுப்பில் புதிதாக முளைக்கும் இறகு ஒடுங்கி, நுனி கூராக, மினுமினுப்பாக இருந்தால் சேவல். நுனி உருண்டை என்றால் வெடை.

கால்நடைப் படிப்பு:

நாமக்கல்லில் படிக்கிறேன். அக்கா சொன்னது சரி. பொரித்து ஒரு நாளான குஞ்சின் ஆசனவாயைத் திறந்து சேவலா பெட்டையா என்று பார்க்கும் முறை ஜப்பானியர் உருவாக்கி 1930-களில் வெளிநாடுகளுக்குப் பரவியது. பழகாத கை அழுத்தினால் குஞ்சு செத்துவிடும், வீட்டில் வேண்டாம். இறக்கை இறகின் நீளத்தைப் பார்ப்பது அதற்கென்றே இனம் சேர்த்து உருவாக்கிய கோழிகளில் மட்டும்தான் சரியாக வரும், நாட்டுக்கோழியில் நம்ப முடியாது. இன்னொன்று, கோழிக்குப் பொதுவாக இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். அது நோயில் கெட்டுப்போனால் வளர்ந்த பெட்டையே கூவத் தொடங்குவது உண்டு. இளசுகளுக்கு இது பொருந்தாது.

நாகலூர்க்காரி:

அக்கா, கரையான் போட்டுப் பார்த்தோம். எங்கள் சாதுவான சாம்பல் புள்ளி கவ்வியதைக் கீழே போட்டுவிட்டு டுக் டுக் என்கிறது! வீட்டுக்காரருக்கு முகமே இல்லை. அவர் சேவல் என்று சத்தியம் செய்த சிவப்பு நீளக்கால் கவ்விக்கொண்டு காபிச் செடிக்குள் ஓடிவிட்டது. மற்றதெல்லாம் இன்னும் பிடிபடவில்லை. நாத்தனார் இந்த வாரமே வருவேன் என்கிறார்.

வீராணத்து அக்கா:

கையில் வந்து தின்பது பெரும்பாலும் துணிச்சல்தான், சாதுத்தனம் இல்லை. சாம்பலை உன்னிடமே வைத்துக்கொள். சிவப்பையும் இன்னும் வெடை என்று எழுதிவிடாதே, ஓடுவது இந்த வயசில் எல்லாம் செய்யும். நாத்தனாரை இடுப்பு இறகு முளைக்கும்வரை பொறுக்கச் சொல். அவசரம் என்றால் முட்டை வைக்கப் போகிற வெடையை விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும். முதுகில் கை வைத்தால் இறக்கையை லேசாக விரித்து அப்படியே பம்மும், அதில் தப்பே வராது. அஞ்சாறு மாசக் கோழியில்தான் அது கிடைக்கும். அப்புறம், எட்டு வாரத்துக்கு மேல் போடுகிற வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டாச்சா? இல்லையென்றால் இடம் மாற்றுவதற்கு முன்னாடியே போட்டுவிடு.