மேடைக்குப் பின்னாடி பாட்டியோட பால்வெட்டுச் சட்டை

இந்தப் பக்கத்துல மேடையில நடிச்சவங்க பாடுனவங்க நெறைய பேரு எழுதியிருக்கீங்க, நான் மேடைக்குப் பின்னாடி இருட்டுல நிக்கிற ஆளு. சொந்த ஊரு மலேசியாவுல பேராக் பக்கம் சுங்கை சிப்புட், பாட்டி தாத்தா ரெண்டு பேருமே தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்தக் கீறி பால் எடுத்தவங்க. நான் கேஎல்ல (கோலாலம்பூர்) நாடக உடை படிக்கிறேன், இது கடைசி வருஷம். ஆம்பளப் பையன் தையலா படிக்கப் போறான்னு ஊர்ல கேட்டாங்க, எங்கப்பா ஒண்ணுமே சொல்லல, ஸ்டேஷன் வரைக்கும் மோட்டார்ல கொண்டுவந்து விட்டுட்டுப் போனாரு.

மொத வருஷம் பூரா கைவேலதான். காடாத் துணியில வெட்டி, ஆள் மேல போட்டு ஊக்கு குத்திப் பாத்து, சரியா வந்தப்புறந்தான் நல்ல துணியில கத்திரி வைக்கணும். கடைத் தையல் மாதிரி உள்பக்கம் ஒட்ட நறுக்கக் கூடாது, ஒரு இன்ச்சாவது துணி விடணும், ஏன்னா அடுத்த நாடகத்துல அதே சட்டைய வேற உடம்புக்காரர் போடுவாரு, பிரிச்சு பெருசாக்கணும். இதெல்லாம் பழகிடும். எனக்குப் புடிச்சுப் போனது துணிய பழசாக்குற வேலதான். புதுச் சட்டைய பத்து வருஷம் உழைச்ச சட்ட மாதிரி ஆக்கணும், அதுக்கு அந்த ஆளு என்ன வேல செஞ்சான், எந்தக் கை ஓடிச்சு, எந்தத் தோள்ல சுமை இருந்திச்சுன்னு தெரிஞ்சிருக்கணும்.

போன லீவுல எங்க ஊருப் பக்கமே ஒரு குழு நாடகம் போட்டாங்க, உடை பாத்துக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. கதை 1960ல நடக்குது. வெள்ளக்காரங்க தோட்டங்கள வித்துட்டுப் போறாங்க, வாங்குனவங்க துண்டு துண்டாக்கி விக்கிறாங்க, ஜனங்களுக்கு வேலையும் போகுது தோட்டத்துல குடுத்த லயத்து வீடும் போகுது, அந்த நேரத்துல எங்க ஊருக்காரரு, அப்ப மந்திரியா இருந்த சம்பந்தன், எல்லாரும் சேர்ந்து தோட்டத்த வாங்கணும்னு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிக்க, பால்வெட்டுக்காரங்க பத்து பத்து வெள்ளியாக் (டாலர்) கட்டிச் சேர்றாங்க. நல்ல கதை. ஆனா பால்வெட்டுப் பொம்பளைங்களுக்குன்னு அவங்க எடுத்து வச்சிருந்தது கேஎல் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல வாங்குன பளபளன்னு பாலியெஸ்டர் சேலை, மடிப்புக் கூட கலையல.

வீட்ல பாட்டிகிட்ட போட்டோ காட்டினேன். பாட்டி கண்ணாடிய ஏத்திப் போட்டுகிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "இவளுங்க எந்தக் கல்யாணத்துக்குடா போறாளுங்க?"ன்னு கேட்டுட்டு, உள்ள போயி ட்ரங்குப் பொட்டியில இருந்து ஒரு சட்டைய எடுத்துட்டு வந்தாங்க. தாத்தாவோட பழைய முழுக்கை சட்ட. கைலிக்கு மேல அதப் போட்டுகிட்டுதான் பாட்டி வெட்டப் போவாங்களாம். நான் அத சன்னல் பக்கம் கொண்டு போயி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். வலது தோள்ல மட்டும் நூல் இத்துப் போயி அந்தப் பக்கம் தெரியுது, காண்டாக் கம்புல (தோள்ல வைக்கிற காவடிக் கம்பு) ரெண்டு வாளி பால் தூக்குன தோள் அது. கழுத்துப் பட்டியில வேர்வ உப்பு வரி வரியா. இடது கை மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் ரப்பர் பால் கறை. அது விழும்போது வெள்ளையாதான் இருக்கும், காஞ்சா மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில தார் மாதிரி கறுத்துப் போயிரும், எந்த சோப்புக்கும் போகாது. முன்பக்கம் தொடைக்கு நேரா ஒரு பெரிய கறுப்பு, மரத்துல காஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால உரிச்சுட்டு கைய அங்கதான் தொடைப்பாங்களாம். மூணு வருஷம் கிளாஸ்ல படிச்சது எல்லாம் அந்த ஒரு சட்டையில இருந்திச்சு.

அடுத்த நாளே பண்டல் கடையில பழைய காட்டன் சட்டைங்க வாங்குனேன். தோள்ல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தேயிலைச் சாயத்துல முக்கி, பாக்கெட்டுல கல்லப் போட்டு ஈரத்தோட தொங்கவிட்டேன், அப்பதான் துணி கீழ தொய்ஞ்சு வரும். கறைக்கு நெஜ ரப்பர் பாலையே தடவுனேன், அதுதான் நான் செஞ்ச தப்பு. கெட்டியாகாம இருக்க கலந்த அம்மோனியா வாடை ஒரு பக்கம், போட்டுப் பாத்த ஒரு அக்காவுக்கு அர மணி நேரத்துல கை பூரா தடிப்பு வந்திருச்சி. ரப்பர் பால் சிலருக்கு ஒத்துக்காது, அளவு எடுக்கும்போதே கேக்கணும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க, நான் கேக்கல. அந்தக் கைய பாத்துட்டு ராத்திரி தூக்கமே வரல. அவ்வளவு சட்டையையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி மொதல்ல இருந்து செஞ்சேன், வெள்ளப் பசையில பழுப்பும் கறுப்பும் துணி பெயிண்ட் கலந்து. தூரத்துல இருந்து பாத்தா வித்தியாசமே தெரியல.

ரிஹர்சல்ல அத போட்டு நிறுத்துனதும் குழு பொறுப்பாளருக்குப் புடிக்கல. ஒரே அழுக்கா இருக்கு, நம்ம ஜனங்கள இப்படியா காட்டுறதுன்னு கோவமா கேட்டாரு, கலர் சேலைதான் வேணும்னு ஒரே முடிவா சொல்லிட்டாரு. எனக்கு அழுகையே வந்திருச்சி, அது அழுக்கு இல்ல, எங்க பாட்டியோட ஒழைப்பு. ஆனா அவரு சொன்னதுலயும் ஒரு ஆதங்கம் இருக்குன்னு பாட்டிகிட்ட சொல்லும்போதுதான் புரிஞ்சது. பாட்டி சொன்னாங்க, வேலைக்குதான் இந்த சட்ட, சங்கத்துக்குப் பணம் கட்டுற கூட்டம்னா எல்லாரும் குளிச்சு, தலைக்கு எண்ணெ வச்சு, இருக்குறதுலயே நல்ல சேலைய கட்டிகிட்டுதான் போனோம்னு. அப்ப ரெண்டுமே வேணும். நெரையில (மர வரிசையில) பால் வெட்டுற காட்சிக்கு கறைச் சட்ட, கூட்டத்துக்கு நல்ல காட்டன் சேலை. போயி சொன்னேன், ஒத்துக்கிட்டாரு.

ஆனா ரெண்டு காட்சிக்கும் நடுவுல 40 செகண்ட்தான், நாலு பொம்பளைங்க, மாத்தி விட நானும் இன்னொரு பொண்ணும். இங்கதான் கேஎல்ல எனக்கு மூத்தவங்களா இருந்த மலாய்க்கார காக் (அக்கா) சொல்லிக் குடுத்தது கை குடுத்துச்சு. ஜாக்கெட்டும் பாவாடையும் உள்ளயே போட்டு விட்டுட்டேன். சட்டையில பட்டன் மேலுக்குதான், உள்ள டிச் பட்டன் (அமுக்குற பட்டன்), ஒரே இழுப்புல தொறந்துக்கும். வெல்க்ரோ ஆகவே ஆகாது, கிழியிற சத்தம் மூணாவது வரிசை வரைக்கும் போகும். கொசுவத்த முன்கூட்டியே மடிச்சு இடுப்புப் பட்டியில தச்சு, கொக்கி போட்டு, நாலு சேலையும் தரையில வட்டமா விரிச்சு வச்சிருவேன், அவங்க ஓடி வந்து நடுவுல நிக்கணும், நாங்க மேல தூக்கணும். நீல லைட்டுதான், பேச்சே கிடையாது, தோளத் தொட்டா கைய தூக்கு, முதுகுல தட்டுனா போ.

மொத நாள் ராத்திரி மூணு பேருக்கு சரியா விழுந்திச்சு, நாலாவது அக்காவுக்கு கொக்கி பிச்சுகிச்சு. என் சட்டைக் காலர்ல எப்பவும் வரிசையா ஊக்கு குத்தி வச்சிருப்பேன், ஒண்ண உருவி குத்தி அனுப்பிட்டேன், ஆனா சரியா புடிச்சிச்சான்னு தெரியல. மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னாடி விங்ஸ்ல நின்னு அவங்க இடுப்ப மட்டுமே பாத்துகிட்டு இருந்தேன். அந்த அக்கா காட்சி முழுக்க இடது கைய கொசுவத்து மேல வச்சுகிட்டே பத்து வெள்ளிய வலது கையால நீட்டுனாங்க. கீழ இருந்து பாத்த பாட்டிக்கு அது கொக்கி விஷயம்னே தெரியாது, அவ அப்படிப் புடிச்சுகிட்டு நின்னது நல்லா இருந்திச்சுடான்னாங்க. ரெண்டாவது நாளும் அப்படியே செய்யச் சொல்லிட்டேன், கொக்கிய ரெட்ட நூல் போட்டுத் தச்சும் குடுத்தேன்.

பெயிண்ட் போட்ட சட்டைய தெனம் தோய்க்க முடியாது, வோட்காவும் தண்ணியும் கலந்து உள்பக்கமா ஸ்ப்ரே அடிச்சு காத்துல மாட்டுனா வேர்வ வாடை போயிரும், இது நெறைய நாடகக் குழுவுல செய்யிறதுதான்.

உங்க வீட்ல யாராவது அந்தக் காலத்து வேலைச் சட்ட, தலைத்துணி வச்சிருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க. ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க, தோளும் ரெண்டு கையும் தெரியிற மாதிரி, எந்தத் தோட்டம்னும் எழுதுங்க. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துல குலை வெட்டுனவங்க சட்டையா இருந்தாலும் சரி, அது எங்க தேஞ்சிருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது.