கடல்வழி முன்பே இருந்தும் பட்டுப்பாதை தழைத்தது ஏன், நலிந்தது ஏன்?

ஏற்காடு ஆசிரியை (கேள்வி):
ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். 1453-இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றியதால் தரைவழி அடைபட்டது, 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததும் பட்டுப்பாதை முடிந்தது என்றே இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "நம் சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன என்றீர்கள். அவை கப்பலில்தானே வந்திருக்கும்? கடல்வழி அப்போதே இருந்தது என்றால், எதற்காக ஒட்டகத்தோடு பாலைவனத்தில் அலைந்தார்கள்?" என்று கேட்டுவிட்டாள். மணி அடித்ததால் தப்பித்தேன். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டி வாசகர்:
மாணவி கேட்டது நியாயமே. 'பட்டுப்பாதை' என்பது 1877-இல் ஜெர்மானியப் புவியியலாளர் ரிக்டோஃபென் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர். சீனாவில் ஏற்றிய மூட்டை நேராக ரோமாபுரியில் இறங்கியதாக நாம் எண்ணிக்கொள்வதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். உண்மையில் சரக்கு ஊருக்கு ஊர் கைமாறிச் சென்றது.

தொடக்கமும் வணிகமன்று. கி.மு. 138-இல் சீனாவின் ஹான் பேரரசர் வூ, வடக்கே இருந்த சியோங்நு நாடோடிகளுக்கு எதிராகக் கூட்டாளி தேடித்தான் சாங் சியான் என்ற தூதரை மேற்கே அனுப்பினார். அதன் பின் மேற்கு எல்லையில் படைகள் நிறுத்தப்பட்டன. பின்னாளில், ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில், தாங் அரசர் காலத்தில் அங்கிருந்த படைகளுக்கான செலவு பெருமளவு பட்டுச் சுருள்களாகவே அனுப்பப்பட்டது. செப்புக்காசை அவ்வளவு தூரம் சுமப்பது கட்டுப்படியாகாததால் அங்கே பட்டே பணமாகப் புழங்கியது. 755-இல் ஆன் லூஷான் என்ற படைத்தலைவரின் கலகம் வெடித்து, படைகள் உள்நாட்டுக்குத் திரும்ப அழைக்கப்பட்டபோது, பாலைவனச் சோலை நகரங்களின் வணிகமும் சுருங்கிவிட்டது.

அரசு நிலைகுலைந்தால் வணிகர் கதி என்ன என்பதற்குக் கண்கூடான சான்று உண்டு. 1907-இல் சீனாவின் மேற்கு எல்லை நகரான துன்ஹுவாங் அருகே ஒரு காவல்கோபுர இடிபாட்டில் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன், மத்திய ஆசியாவின் சமர்கந்து பகுதி வணிகரான சோக்தியர் எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். அவை நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை; போய்ச் சேராமலே நின்றுபோனவை. சீனத் தலைநகராயிருந்த லோயாங் எரிந்ததையும், அங்கிருந்த இந்தியரும் சோக்தியரும் பட்டினியால் மாண்டதையும் ஒரு கடிதம் சமர்கந்துக்குத் தெரிவிக்கிறது. இன்னொன்றில், துன்ஹுவாங்கில் தவிக்க விடப்பட்ட ஒரு மனைவி, உன்னோடு வாழ்வதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாவது மேல் என்று கணவனுக்கு எழுதியிருக்கிறாள்.

சங்ககிரி லாரிக்காரர்:
நான் வரலாறு படித்தவன் அல்லன். சரக்குப் போக்குவரத்து அறிந்தவன். ஒரு ஒட்டகம் சுமார் 200 கிலோ சுமக்கும் என்றால், 18 டன் ஏற்றும் ஒரு லாரிக்கு ஈடாக 90 ஒட்டகங்கள் வேண்டும். 400 டன் ஏற்றும் கப்பலுக்கு 2,000 ஒட்டகங்கள். ஆனால் கப்பல் சமர்கந்துக்குப் போகாது, டீச்சர். கடலே இல்லாத ஊர்களுக்கு ஒட்டகந்தான் கதி. எடை குறைந்து விலை மிகுந்த பட்டும் கஸ்தூரியும் அந்த வாடகையைத் தாங்கின; தானாக நடந்துபோகும் குதிரைக்கோ ஏற்றுகூலியே இல்லை. எங்கள் தொழிலில் ரிட்டர்ன் லோடு கிடைக்காத ரூட்டில் எவரும் வண்டி விடமாட்டார்கள். சீனர் பட்டைக் கொடுத்துப் புல்வெளி நாடோடிகளிடம் குதிரை வாங்கியதால் இருபுறமும் ஓட்டம் இருந்திருக்கிறது. வழியின் பெரும்பகுதி ஒரே குலத்தின் கையில் இருந்த மங்கோலியர் ஆட்சியில் தொலைதூர வணிகர் துணிந்து போனதும் எனக்குப் புரிகிறது. ஓமலூரில் சுங்கம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போவது வேறு, பத்து மைலுக்கு ஒருவன் மறித்துக் கையூட்டுக் கேட்பது வேறு.

ஏற்காடு ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் 1453 பற்றி நான் சொல்லி வந்தது தவறா?

அஸ்தம்பட்டி வாசகர்:
முழுத் தவறு என்று சொல்லமாட்டேன், அம்மா. ஆனால் அந்த ஓர் ஆண்டின்மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிவிட்டோம். பெரிய அடிகள் அதற்கு முன்பே விழுந்துவிட்டன: மங்கோலிய அரசுகள் ஒன்றோடொன்று மோதின, 1368-இல் சீனாவில் யுவான் என்ற மங்கோலிய ஆட்சி வீழ்ந்தது, 1395-இல் மத்திய ஆசிய அரசர் தைமூர், வோல்கா கரையில் மங்கோலியத் தலைநகராயிருந்த சராயைச் சூறையாடினார். கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்த உஸ்மானியத் துருக்கியருக்கோ வணிகத்தால் சுங்கவருவாய் கிடைத்ததால், அதை அடைத்துவிட வேண்டிய தேவையே இல்லை. போர்த்துகீசியர் வந்த பின்னும் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் மிளகு செங்கடல் வழியே மீண்டும் வெனிஸுக்குப் போயிற்று. அந்த வழியை உண்மையில் ஒடுக்கியது அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரரின் கப்பல் வணிகம். மத்திய ஆசியத் தரைவழிகள் அப்போதும் அற்றுப்போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் முல்தான் வணிகர்கள் புகாராவில் கடை வைத்திருந்தார்கள், ரஷ்யாவின் அஸ்த்ரகானிலும் இந்திய வணிகர் குடியிருப்பு ஒன்று இருந்தது, முகலாயப் படைக்குரிய குதிரைகள் காபூல் வழியே இறங்கிக்கொண்டிருந்தன.